மெடிக்கல் கவுண்டரில் 500 மணி நேரம்

கேள்வி: டி.பார்ம் என்ற இரண்டு வருட மருந்தாளுநர் டிப்ளமோ படிப்பு முடித்துவிட்டு, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு செயின் மெடிக்கலில் 500 மணி நேரப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். மூன்று வாரமாகப் பெட்டி பிரிக்கிறேன், ரேக் அடுக்குகிறேன், வண்டியில் டெலிவரி போகிறேன். ராத்திரி பார்மசிஸ்ட் அண்ணன் சாப்பிடப் போனால் கவுண்டரில் நான் மட்டும்தான். ‘டாக்டர் எழுதினதுக்குப் பதிலா நம்ம கம்பெனி மாத்திரையைக் கொடு’ என்கிறார் மேனேஜர். ஜுரத்துக்கு ஒரு செட்டு கொடு என்று வருகிறவர்கள், தூக்க மாத்திரைக்குச் சண்டை போடுகிறவர்கள் என்று தினமும் ஏதாவது ஒன்று. இந்தப் பயிற்சி உருப்படியானதுதானா? எதைக் கற்றுக்கொள்வது, எதை முடியாது என்று சொல்வது?

பதில்: தம்பி, நீங்கள் நாலைந்து விஷயம் கேட்டிருந்தாலும் எல்லாம் ஒரே முடிச்சில்தான் வந்து நிற்கின்றன. 1945-ஆம் வருட மருந்து விதிகளில் 65-ஆம் விதி சொல்வது இது: டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் செய்ய வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். அந்த ‘நேரடி’ என்ற சொல்லுக்குள்தான் உங்கள் மூன்று மாதமும் அடங்கியிருக்கிறது. ரேக்கிலிருந்து எடுக்கிற கை உங்களுடையதாக இருக்கலாம். கஸ்டமர் கைக்குப் போவதற்கு முன் கடைசியாகப் பார்க்கிற கண் பார்மசிஸ்ட்டுடையதாக இருக்க வேண்டும். எந்த வேலை வந்தாலும் இதை வைத்து அளந்து பாருங்கள்; செய்யலாமா கூடாதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு. 500 மணி நேரம் என்பது மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரவியிருக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையில் போக வேண்டும். நாளைக்கு எட்டு மணி நேரம் நின்று சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், மணி நிறைந்தாலும் மாதம் நிறையாது. வாரம் ஆறு நாள், நாளைக்கு ஆறரை மணி நேரம் வந்தால் சரியாக இருக்கும். உங்களைப் போன்ற மாணவர்கள் எத்தனை பேர் அந்தக் கிளையில் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பார்மசிஸ்ட் ஒருவர் என்றால் இரண்டு மாணவர்கள்தான். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு பார்மசிஸ்ட்டுக்கும் இன்னும் ஒருவர். ஒரே பார்மசிஸ்ட்டின் கீழ் ஐந்து பேர் நின்றால் அங்கே ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

டெலிவரி இந்தக் கணக்கில் சேராது. ஒரு நாளைக்கு ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வந்த நேரம், போன நேரம், சீட்டு பார்த்த நேரம், சரக்கு வேலை, டெலிவரி என்று பிரித்து எழுதுங்கள். எத்தனை சீட்டு பார்த்தீர்கள், எதில் சந்தேகம் வந்தது என்பதும் இருக்கட்டும். நோயாளியின் பெயர் வேண்டாம். சீட்டைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘இது என்ன மருந்துடா’ என்று போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மூன்று வாரத்து நோட்டைக் காட்டி, ‘சார், சீட்டு வேலைல இவ்வளவுதான் ஆயிருக்கு, காலைல பதினொன்னுலேர்ந்து ஒரு மணி வரைக்கும், சாயந்திரம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் கவுண்டர்ல அண்ணன் பக்கத்துல நிக்கறேன்’ என்று மேனேஜரிடம் கேளுங்கள். பொதுவாகப் புகார் சொன்னால் மேனேஜர் காதில் ஏறாது. நேரம் குறித்துக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கூட்ட நேரத்தில் அவர்களுக்கும் ஒரு கை தேவைதானே.

பெட்டி பிரிப்பதை வெறும் கூலி வேலை என்று தள்ளாதீர்கள். பல பேர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதால்தான் அது கூலி வேலையாகிறது. சரக்கு வந்ததும் முதலில் பிரிக்க வேண்டியது தெர்மாகோல் பெட்டி. இன்சுலின், தடுப்பூசி, சில கண் சொட்டு மருந்துகள் அதில் இருக்கும். ஐஸ் பேக் உருகியிருக்கிறதா, மருந்து நேராக ஐஸ் மேல் ஒட்டிக்கொண்டு உறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு 2 முதல் 8 டிகிரி உள்ள ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். உறைந்த இன்சுலின் கரைந்த பிறகு பார்க்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யாது. அதைத் தனியாக எடுத்து வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்புறம் பில்லையும் சரக்கையும் வரி வரியாக ஒப்பிடுங்கள்: பெயர், எத்தனை மில்லிகிராம், அட்டைக்கு எத்தனை மாத்திரை, பேட்ச் எண், காலாவதி மாதம், எம்ஆர்பி, ஃப்ரீ சரக்கு. இதில் மாணவர்கள் அதிகம் தப்பு செய்வது பேட்ச் எண்ணில். ஒரே மருந்து இரண்டு பேட்ச்சில் வந்திருக்கும், மொத்தத்தையும் ஒரே பேட்ச்சில் ஏற்றிவிடுவார்கள். 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு குழந்தைகள் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது தெரிந்து தமிழ்நாட்டில் விற்பனையை நிறுத்தினார்களே, அந்த மாதிரி சமயத்தில் கடையில் அந்தச் சரக்கு இருக்கிறதா, யாருக்குப் போனது என்று தேடுவதற்கு உதவுவது நீங்கள் தட்டிய அந்த எண்தான்.

அடுக்கும்போது முதலில் காலாவதி ஆவது முன்னால். முதலில் வந்தது முன்னால் என்று நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அட்டையில் 08/2026 என்று இருந்தால் ஆகஸ்ட் கடைசி நாள் வரை செல்லும். அட்டையை வெட்டும்போது பேட்ச், காலாவதி அச்சிட்ட ஓரம் கடையிலேயே மிஞ்சும்படி எதிர் ஓரத்திலிருந்து வெட்டுங்கள். மிச்ச அட்டையை உடனே அதே டப்பாவில் போடுங்கள். வெட்டிய அட்டைதான் தப்பான டப்பாவுக்குள் போய் உட்காரும், ராத்திரி கூட்டத்தில் அதுதான் யார் கையிலாவது போகும். கீழ்த்தட்டில் எதையும் தரையோடு வைக்காதீர்கள். பலகை போட்டு உயர்த்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் வடசென்னையில் தண்ணீர் நின்றதும் கரண்ட் இல்லாமல் கிடந்ததும் உங்களுக்கே நினைவிருக்கும். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது, மூடியிருக்கும் வரைதான் குளிர் நிற்கும். காலையும் மாலையும் வெப்பநிலையை எழுதி வைக்கிற நோட்டு இருக்கும். முந்தின நாள் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதாமல் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுங்கள்.

சரி, கவுண்டருக்கு வருவோம். உண்மையான படிப்பு அங்கேதான்.

சீட்டைக் கையில் வாங்கியதும் மருந்துப் பெயருக்குத் தாவாதீர்கள். தேதி, நோயாளி பெயர், வயது, குழந்தை என்றால் எடை, டாக்டர் பெயர், பதிவு எண், அதற்கப்புறம்தான் மருந்து. வயதைப் பார்க்காமல் மருந்தைப் படித்தால் எழுத்து எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் மூளை படிக்கும். வயது தெரிந்தால் ‘ஆறு வயசுப் பிள்ளைக்கு இதா?’ என்று ஒரு உறுத்தல் வரும், அந்த உறுத்தலுக்காகத்தான் உங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு மூன்று முறை ஒப்பிடுங்கள். ரேக்கிலிருந்து எடுக்கும்போது சீட்டோடு ஒரு முறை, பில் போடும்போது அட்டையோடு ஒரு முறை, கையில் கொடுத்துச் சொல்லும்போது மறுபடி சீட்டோடு ஒரு முறை. கம்ப்யூட்டரில் பெயரின் முதல் நாலு எழுத்தைத் தட்டி வருகிற பட்டியலில் முதல் வரியைத் தேர்ந்தெடுப்பதுதான் செயின் கடைகளில் நடக்கிற தப்புகளுக்கு ஊற்று.

ஒரு உதாரணம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 என்று எழுதி, பக்கத்தில் கோழிக் கிறுக்கலாக ஒரு எழுத்து. அது ‘எச்’ ஆக இருந்தால் கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிற மாத்திரை, ‘ஏஎம்’ என்றால் அம்லோடிபின் சேர்ந்தது, ஒன்றுமே இல்லை, பேனா இழுத்த கோடுதான் என்றால் தனி டெல்மிசார்டன். மூன்று டப்பாவும் ஒரே நிறத்தில் பக்கத்து பக்கத்தில் இருக்கும். ஊகிக்காதீர்கள். ‘பழைய அட்டை வெச்சிருக்கீங்களாம்மா?’ என்று கேளுங்கள். நம் பக்கத்து ஆட்கள் பர்ஸிலேயே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் போன் நம்பரைத் தட்டிப் போன மாசம் வாங்கியதைப் பாருங்கள், செயின் கடையின் பெரிய வசதி அதுதான். அங்கேயும் ஒரு கவனம்: டாக்டர் இந்த மாசம் மாற்றியிருக்கலாம். பழைய பில்லும் புதுச் சீட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பார்மசிஸ்ட் டாக்டருக்குப் போன் போடுவார். பக்கத்தில் நின்று அவர் எப்படிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். ‘என்ன எழுதியிருக்கீங்க’ என்று கேட்காமல் ‘நோயாளி பேரு இது, தனி டெல்மிசார்டனா, எச் சேர்ந்ததா சார்?’ என்று இரண்டில் ஒன்றாகக் கேட்டால் டாக்டர் ஓ.பி. நடுவிலும் பதில் சொல்வார்.

நோட்டில் தனிப் பக்கம் போட்டு நீங்களே எழுதிக்கொள்ள வேண்டிய ஆபத்தான இடங்கள் சில உண்டு. மெத்தோட்ரெக்சேட் மூட்டு வாதத்துக்கு வாரம் ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி உயிருக்கே ஆபத்து. கவரில் ‘வாரம் ஒரு முறை’ என்று மட்டும் எழுதாமல் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று கிழமையை எழுத வேண்டும், எந்தக் கிழமை என்பதை டாக்டர் சீட்டில் பார்த்து. தைராய்டு மாத்திரை பாட்டிலில் 25, 50, 75, 100 என்று வரும், அது மைக்ரோகிராம். காலையில் வெறும் வயிற்றில், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு நாலு மணி நேர இடைவெளி. பியூரோசெமைடு தனியாகவும் ஸ்பைரோனோலாக்டோன் சேர்ந்தும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் வருகிறது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருவியை வாங்கியிருக்கிறாரா என்று கேட்காமல் கேப்ஸ்யூலை மட்டும் கொடுத்தால் அதுதான் நடக்கும்.

இன்சுலின் ஊசி இன்னொன்று. நம்மூரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் பாட்டிலை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 வரை இழுத்தால் 50 யூனிட்; மயங்கி விழுந்துவிடுவார்கள். ‘இன்சுலின் சிரிஞ்சு குடுப்பா’ என்று கேட்டால் மூடி நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் கொடுக்கவே கூடாது.

குழந்தைகளுக்கான பாராசிட்டமாலை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், இதில்தான் கணக்கு தெரிந்தவனும் வழுக்குவான். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் அது 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளதில் 3 மில்லி. ஒரு மில்லிக்கு 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. அம்மா ‘எப்பவும் ஆறு மில்லி குடுப்போம்’ என்று சொல்லிச் சொட்டு மருந்தில் ஆறு மில்லி கொடுத்தால் 600 மில்லிகிராம், அதாவது நாலு மடங்கு. பாட்டிலை மாற்றிக் கொடுக்கிற நாளில் மில்லியையும் மாற்றிச் சொல்ல வேண்டும், மூடியோடு வருகிற அளவுக் கோப்பையில் கோடு போட்டுக் காட்டுங்கள். டீஸ்பூனுக்கு அளவு கிடையாது, வீட்டுக்கு வீடு வேறு. நாலு வயதுக்குக் கீழே குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்து கூடாது என்பதும் இந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பவுடராக வருகிற ஆன்டிபயாடிக் சிரப்பைக் கலப்பது உங்களுக்கு முதலில் பழக்கித் தரும் வேலையாக இருக்கும். பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரையோ கூட வந்த தண்ணீரையோ பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். ஒரேயடியாக முழுதும் ஊற்றினால் அடியில் கட்டி நிற்கும். முதல் நாள் தண்ணியாகவும் கடைசி நாள் கெட்டியாகவும் மருந்து போகும். அமாக்சிசிலின் கிளாவுலானேட் கலந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து 7 நாளில் முடித்துவிட வேண்டும், மற்றவற்றுக்கு லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். கலந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதுங்கள்.

சொல்லிக் கொடுப்பதில் நம் பகுதிக்கென்று சில சங்கதிகள் உண்டு. சௌகார்பேட்டை பக்கம் இந்தி, ராயபுரத்தில் உருது, தெலுங்கு, மணலி எண்ணூர் பக்கம் வட மாநிலத் தொழிலாளர்கள். படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள். கவரில் சூரியன், நிலா படம் போட்டு எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வையுங்கள். சொன்ன பிறகு ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘ராத்திரி எதைப் போடணும், சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேளுங்கள். பாட்டிகளுக்குக் கோபம் வராது, பேரன் மாதிரிக் கேட்டால் போதும்.

இன்னொன்று. ஸ்டான்லியிலோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவச மாத்திரை வாங்குகிறவர்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டிலேயே பிரஷர் மாத்திரை பெறுகிறவர்கள் இங்கே நிறைய. அதே ஆள் தனியார் டாக்டரிடமும் போய்ச் சீட்டோடு உங்கள் கவுண்டருக்கு வருவார். அவர் கணக்கில் ‘கவர்மெண்ட் மாத்திரை’ ஒன்று, ‘டாக்டர் மாத்திரை’ இன்னொன்று. இரண்டும் அம்லோடிபினாக இருக்கும். காலையில் அது, ராத்திரி இது என்று போட்டுக்கொண்டு கால் வீங்கி, தலை சுற்றி உட்கார்ந்திருப்பார். ‘வேற எங்கயாவது மாத்திரை வாங்குறீங்களா?’ என்ற ஒரு கேள்வி போதும். பிராண்ட் பெயரைத் தாண்டி உள்ளே இருக்கிற மருந்தின் பெயரைப் படிக்க நீங்கள் பழகிவிட்டீர்களா என்பது இங்கேதான் தெரியும்.

இப்போது மறுக்க வேண்டியவை.

ராத்திரி தனியாக நிற்பது. பார்மசிஸ்ட் சாப்பிடப் போவது தப்பில்லை, அவர் இல்லாதபோது சீட்டு மருந்து வெளியே போவதுதான் தப்பு. அந்த அரை மணி நேரம் நாப்கின், டயாப்பர், சோப்பு, ஓஆர்எஸ் கொடுங்கள். சீட்டோடு வந்தால், ‘அக்கா, பார்மசிஸ்ட் சாப்பிடப் போயிருக்காரு, பத்து நிமிஷத்துல வந்துடுவாரு. சீட்டைக் குடுங்க, எல்லாம் எடுத்து ட்ரேல வெச்சுடறேன், அவர் பார்த்ததும் வாங்கிக்கலாம்’ என்று சொல்லுங்கள். இதில் உங்களுக்குப் பயிற்சியும் கிடைக்கிறது, வருகிறவருக்கும் நேரம் மிச்சம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று வந்தால் மருந்து தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பார்மசிஸ்ட்டின் லாகின் பாஸ்வேர்டை வாங்கி பில் போடவே போடாதீர்கள், அவரே ‘பரவால்ல தம்பி’ என்று சொன்னாலும். அவர் பார்க்காத மருந்து அவர் பார்த்ததாகப் பதிவாகிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் இருவருமே மாட்டுவீர்கள். வெள்ளைக் கோட்டில் பெயரும் பதிவு எண்ணும் போட்ட பேட்ஜ் பார்மசிஸ்ட்டுக்கானது. உங்கள் பேட்ஜில் ‘பயிற்சி மாணவர்’ என்று இருக்கட்டும்.

சொந்த பிராண்டை மாற்றிக் கொடுப்பது. மேனேஜருக்கு டார்கெட் இருக்கிறது, அவருக்குக் கனவிலும் அதுதான் வரும், அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் என்ற பட்டியல்களில் உள்ள, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளில், சீட்டில் இருப்பதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்க விதி அனுமதிப்பதில்லை, உள்ளே ஒரே மருந்து இருந்தாலும்கூட. அட்டையின் இடது மேல் மூலையில் ஆர்எக்ஸ் குறி இருந்தால் எச், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையோடு சிவப்பு ஆர்எக்ஸ் இருந்தால் எச்1. டாக்டர் பிராண்ட் பெயரே எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் கடையின் பிராண்டைத் தாராளமாகக் கொடுக்கலாம். விலை குறைவாக இருந்தால் கஸ்டமருக்கும் நல்லது. வைட்டமின், பேபி சோப்பு, புரோட்டீன் பவுடர் என்றால் இரண்டையும் காட்டுங்கள், அவர் தேர்ந்தெடுக்கட்டும். ‘எது சீட்டுல பேர் போட்டு வருதோ அதை மாத்த மாட்டேன் சார், மத்ததுல நம்ம பிராண்டை எடுத்துச் சொல்றேன்’ என்று கோட்டைத் தெளிவாகப் போட்டால் மேனேஜரும் வேறு வழியில் டார்கெட்டைப் பார்த்துக்கொள்வார்.

எச்1 பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், டிபி மருந்துகள், அல்பிரசோலம், நைட்ரசெபாம், சோல்பிடெம், டிரமடால் எல்லாம் இதில் வரும். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். செயின் கடைகளில் பில் போடும்போதே கட்டம் வந்து டாக்டர் பெயர் கேட்கும். கூட்டத்தில் யாரோ ஒரு டாக்டர் பெயரையே எல்லாவற்றுக்கும் தட்டிவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தால் கண் டாக்டர் நூறு பேருக்கு அல்பிரசோலம் எழுதியது போல் நிற்கும். சீட்டில் இருப்பதைத்தான் தட்டுவேன் என்று முதல் நாளிலிருந்தே பிடிவாதமாக இருங்கள். டிபி மருந்துச் சீட்டு தனியாரிடமிருந்து வந்தால் அரசின் டிபி நோயாளிகள் இணையதளத்தில் நிக்‌ஷய் பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு மருந்துக் கடைக்கும் உண்டு. பார்மசிஸ்ட் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று மூன்றாவது பாட்டில் சிரப் கேட்டு வருகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிப் பார்மசிஸ்ட்டிடம் சொல்லுங்கள், ஓட்டேரியில் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியே இருக்கிறது. சும்மா கேட்டதற்கு லெவோஃப்ளாக்சசினைக் கொடுத்தால் டிபி கொஞ்ச நாள் அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

‘செட்டு’ விஷயம். ஒரு பாராசிட்டமால், ஒரு செடிரிசின், ஒரு ஆன்டிபயாடிக், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு டெக்சாமெத்தசோன்: இதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் ஒரே வேளையில் ஜுரம் இறங்கும், உடம்பு வலி பறக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். ஒரு வேளை ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு சுற்றும்போது டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் கலந்த செட்டு ரத்தக் கசிவை இழுத்துவிடும். ‘இல்ல’ என்று மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போவார். எத்தனை நாள் ஜுரம், வாந்தி உண்டா, சிறுநீர் போகிறதா, சர்க்கரை உண்டா என்று கேட்டுப் பார்மசிஸ்ட்டிடம் சொல்லி, பாராசிட்டமாலும் ஓஆர்எஸ்ஸும் மட்டும் கொடுக்கலாம். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, ஒரு டம்ளருக்கு அல்ல. இரண்டு நாளில் இறங்காவிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று பக்கத்து சுகாதார நிலையத்தின் தெருப் பெயரோடு சொல்லுங்கள்.

தூக்க மாத்திரை, டேபென்டடால் போன்ற வலி மாத்திரை, பிரெகாபலின் கேட்டு வருகிறவர்களில் நிஜ நோயாளிகளும் உண்டு. அதனால் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சீட்டைப் பாருங்கள். ஜெராக்ஸ் சீட்டு, போனில் காட்டும் போட்டோ, 10 என்பதை 100 ஆக்கிய மை வித்தியாசம், பழைய தேதி, நாலு மருந்தில் இது ஒன்று மட்டும் வேண்டும் என்பது, நோயாளியின் வயது கேட்டால் தடுமாறுவது. இதில் எதுவாக இருந்தாலும் திருடனைப் பிடித்தது போல் பேசாதீர்கள். ‘இதை நான் குடுக்கக் கூடாதுண்ணே, பார்மசிஸ்ட்தான் பார்க்கணும்’ என்று சீட்டை அவரிடம் கொடுத்து ஒதுங்குங்கள். உங்கள் பயிற்சி நிலையே அங்கே உங்களுக்குக் கவசம். ராத்திரி யாராவது கத்தியைக் காட்டி மிரட்டினால் மாத்திரையைக் காக்க வேண்டாம். போனதும் 100-க்கு அடியுங்கள். கல்லாப் பொறுப்பும் உங்களுடையதாக இருக்கக் கூடாது, பணம் குறைந்தால் உங்கள் பையில் பிடிக்க வழி வைக்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லியும் கவுண்டர் நேரம் தரவில்லை, பாஸ்வேர்டைக் கொடுத்துத் தனியாகத்தான் நிறுத்துகிறார்கள் என்றால் கல்லூரி முதல்வரிடம் நோட்டோடு போங்கள். கிளை மாற்றித் தரச் சொல்லலாம். அதே செயினிலேயே பெரம்பூர், கொளத்தூர் பக்கம் இரண்டு பார்மசிஸ்ட் உள்ள கிளை இருக்கும். மாறுவதற்கு முன் இதுவரை ஆன மணி நேரத்துக்குப் பயிற்சிப் படிவத்தில் பொறுப்பாளரின் கையெழுத்தையும் பதிவு எண்ணையும் வாங்கிவிடுங்கள். மாறாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். செயின் கடைகளில் பார்மசிஸ்ட்டுகளைக் கிளை மாற்றுவது சகஜம். மூன்றாவது மாதம் முடிந்து போய் நின்றால், உங்களுக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஆவடிக்குப் போயிருப்பார். புதிதாக வந்தவர் ‘நான் பார்க்காததுக்கு எப்படித் தம்பி கையெழுத்து போடறது’ என்பார், அவர் கேட்பதும் நியாயம். மாதாமாதம் கடைசி சனிக்கிழமை நோட்டில் ஒரு கையெழுத்து, கடையின் சீலோடு.